சாவிப் பல்லும் கேலிப்பர் இடுக்கும்

திண்டுக்கல்லில் இரண்டு வகைக் கடைகளில் ஒரே கேள்வி காதில் விழும்: "இதுக்கு அது சேருமா?" நாகல்நகர்ப் பூட்டுப் பட்டறைக்குத் தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி தேடி வருபவர் இப்படிக் கேட்கிறார். பிக்கப் வண்டிக்கு அலாய் வீல் பார்க்க டயர்க் கடைக்கு வருபவரும் இதையே கேட்கிறார். பூட்டுக்காரர் பதில் சொல்வதற்கு முன் பூட்டைக் கையில் வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். டயர்க் கடைக்காரர் பெரும்பாலும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார்: "தாராளமா சேரும்ணே, அதே பதினாறு இன்ச்சு, அதே ஆறு நட்டு." அந்தத் தயக்கத்தையும் இந்த அவசரத்தையும் அடுத்தடுத்து வைத்து நிறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மேலோட்டமாக நோக்கினால் இரண்டுக்கும் உறவு ஏதும் இல்லை. பூட்டு நின்ற இடத்தில் நிற்பதற்காகவே பிறந்தது. சக்கரம் நிற்காமல் ஓடுவதற்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, மாங்காய்ப் பூட்டானாலும் மணிப்பூட்டானாலும், அரம் பிடித்த ஒரு கையின் பொறுமையில் உருவாகிறது. அலாய் வீல் எங்கோ ஓர் ஆலையில் வார்க்கப்பட்டு, ஒன்றைப் போலவே ஆயிரமாக வந்து இறங்குகிறது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் சேர்ந்துவிட்டால் அது பட்டறைக்கு அவமானம். ஒரு வீல் பத்து வண்டிக்குச் சேர்ந்தால் அது கடைக்கு லாபம்.

ஆயினும் சேர்வது என்றால் என்ன என்று கேட்கும்போது இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சாவியின் வெட்டுகளில் சில, உள்ளே இருக்கும் லீவர்களைத் தொட்டு உயர்த்துவதற்கானவை. தடைத்தகடு வைத்த பழைய பூட்டுகளிலோ வேறு சில வெட்டுகள் எதையும் தொடாமல் போவதற்காகவே போடப்பட்டவை. பாதையில் நிற்கும் தகட்டுக்கு வழிவிட்டு ஒதுங்குவதே அவற்றின் வேலை. சக்கரத்திலும் அப்படித்தான். ஹப்பின் முகத்தில் அது இறுக அமர வேண்டும். நட்டுகள் அதைப் பிடிக்க வேண்டும். ஆனால் முன்சக்கரத்தின் வயிற்றுக்குள் பிரேக் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டு நிற்கும் கேலிப்பரை அது எந்தச் சுற்றிலும், எந்தப் புள்ளியிலும் தொடக்கூடாது. பூட்டுக்குத் தடைத்தகடு எதுவோ, சக்கரத்துக்குக் கேலிப்பர் அது.

வேறுபாடு எழுத்தில் இருக்கிறது. தொடும் இடங்களுக்கெல்லாம் சக்கரத்தில் எண் உண்டு. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் பிக்கப்களுக்கு 6 நட்டு, அவை அமரும் வட்டம் 139.7 மி.மீ.; ஹைலக்ஸின் நடுத்துளை 106.1. விட்டம், அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் விலகி நிற்கும் தூரம்) எல்லாம் வீலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தொடக்கூடாத இடத்துக்கு மட்டும் எண் இல்லை. கேலிப்பருக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதை எந்த வீலும் தன் முதுகில் எழுதிக்கொண்டு வருவதில்லை. டயர்க் கடைக்காரரின் அவசரத்துக்கு இதுவே காரணம்; படிக்க முடிந்ததை அவர் படித்துவிட்டார். பூட்டிலோ படிப்பதற்கு எதுவுமில்லை. ஆகவே பூட்டுக்காரர் முதலிலிருந்தே உள்ளே இருப்பதைத் தடவித் தேட வேண்டியவர்.

எண்கள் பொய் சொல்வதில்லை. எதைப் பற்றிச் சொல்கின்றன என்பதைத்தான் நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம். 16 இன்ச் என்பது டயர் விளிம்பு அமரும் இடத்தின் விட்டம். அதாவது வெளிப்பக்க அளவு. கேலிப்பர் வாழ்வதோ உட்பக்கத்தில். அழுத்தி வளைத்த மெல்லிய தகடான ஸ்டீல் ரிம்முக்கும், வலிமைக்காகக் கூடுதல் தடிமனில் வார்த்த அலாய்க்கும் வெளியளவு ஒன்றாகவே இருக்கலாம். உள்ளே அலாய் சில மில்லிமீட்டரைத் தின்றிருக்கும். டயரை ஏற்றுவதற்காக ரிம்மின் நடுவில் விடும் பள்ளம் வேறு, உள்ளிருந்து பார்த்தால் மேடு. அந்த மேடு கேலிப்பருக்கு நேராக வருகிறதா, தள்ளி நிற்கிறதா என்பதை 16 என்ற எண் சொல்லாது. 15-லிருந்து 16-க்குப் போனால் ஆரத்தில் 12.7 மி.மீ. கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, மேட்டின் இடத்தைப் பார்க்காமல் வாங்கி, அந்த லாபத்தை அங்கேயே தொலைப்பவர்கள் உண்டு.

இது ஆர வழியில் வரும் இடைவெளி. இன்னொன்று பக்கவாட்டில், கேலிப்பரின் வெளிமுகத்துக்கும் வீலின் ஆரக்கால்களுக்கும் நடுவே. இங்கேதான் ஆஃப்செட் பலரையும் ஏமாற்றுகிறது. ஆஃப்செட் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும், எனவே கேலிப்பருக்கு இடம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் ஆரக்கால் புறப்படுவது ஹப்பில் அமரும் முகத்திலிருந்து. அது அங்கிருந்து வெளிப்பக்கம் குவிந்து வளைகிறதா, தட்டையாகவே போகிறதா என்பது வார்ப்பின் வடிவம். ஒரே ஆஃப்செட் கொண்ட இரு வீல்களில் ஒன்று கேலிப்பரைத் தாராளமாகத் தாண்டும், மற்றது உரசும். போதாக்குறைக்கு, ஆஃப்செட்டை மாற்றும்போது முன் சொன்ன மேடும் நகர்ந்து கேலிப்பரின் தலைக்கு மேலேயே வந்து நிற்கலாம். ஒரு தடையைத் தாண்டிய சாவி அடுத்த தடையில் மாட்டுவதும் இதேபோலத்தான்.

வண்டியோடு வந்த சக்கரத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வண்டியை வடிவமைத்தவர்கள் பிரேக்கையும் வீலையும் எதிரெதிரே வைத்து அளந்தே முடிவு செய்திருப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் வீல்ஸ் இந்தியாவும் பிரேக்ஸ் இந்தியாவும் அக்கம்பக்கத்தில் எழுந்ததை நினைக்கையில், சக்கரமும் பிரேக்கும் தொழிற்சாலையிலும் அண்டை வீட்டுக்காரர்களாகவே இருந்திருக்கின்றன என்று புன்னகைக்கத் தோன்றுகிறது. வெளியில் வாங்கும் வீலோ நம் வண்டியின் பிரேக்கைப் பார்த்தே அறியாதது. பூட்டைப் பார்க்காமல் வெட்டிய சாவி அது.

அப்படியானால் பார்ப்பது எப்படி? இரண்டு தொழிலும் கிட்டத்தட்ட ஒரே உபாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருப்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம். தடைத்தகடு உள்ள பூட்டுக்குப் புதுச்சாவி வெட்டுபவர் வெறும் சாவித் துண்டை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, உள்ளே விட்டு மெல்லத் திருப்புவார். எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கே தகடு இருக்கிறது. கவனமுள்ள வீல்காரர் கேலிப்பரின் புடைத்த முனைகளில் சிறு களிமண் உருண்டைகளை ஒட்டி, வீலை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுவார். நசுங்கி மிஞ்சிய களிமண்ணின் தடிமன்தான் அங்குள்ள இடைவெளி. கரி தொட்ட இடத்தைச் சொல்கிறது. களிமண் தொடாத தூரத்தைச் சொல்கிறது. இரண்டுமே கண்ணுக்கு எட்டாத இருட்டைக் கைக்குக் கொண்டுவரும் வழிகள்.

இந்தச் சோதனையை முன்சக்கரத்தில் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பிக்கப்களில் பின்னால் இருப்பது டிரம். அங்கே மாட்டிப் பார்த்துவிட்டு "சேருது" என்பது, பூட்டே இல்லாத கதவைத் திறந்து காட்டுவது போன்றது.

சோதனைக்குப் பிறகு இரண்டும் பிரிகின்றன. பூட்டுக்காரர் அரத்தை எடுத்துக் கரி அழிந்த இடத்தை ராவுவார். அதுதான் அவருடைய கலை. சக்கரத்தில் அதே அரம் குற்றம். கேலிப்பரைக் கிரைண்டரில் தேய்த்து வழி பண்ணுவதும், வீலின் உட்புறத்தைச் செதுக்குவதும் சில பட்டறைகளில் நடக்கின்றன. பல ஆயிரம் கிலோ வண்டியை நிறுத்தும் உறுப்பை இளைக்க வைத்து அழகு பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பேசர் வைப்பது அதைவிட மரியாதையான வழி. ஆனால் அது பக்கவாட்டுக்கு மட்டும்தான் உதவும், ஆர வழி இடிப்புக்கு உதவாது. நட்டு பிடிக்கும் மரை குறைகிறதா என்பதையும் பேரிங்கின் மேல் ஏறும் சுமையையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

தேய்மானத்தில் இரண்டும் தலைகீழ். பழைய சாவி தேயத் தேய லீவரை உயர்த்தும் வலுவிழந்து ஒரு நாள் பூட்டைத் திறக்க மறுக்கும். தேய்மானம் அங்கே உண்மையை வெளிப்படுத்துகிறது. பிரேக்கில் தேய்மானம் உண்மையை மறைக்கிறது. பிக்கப்களில் வழக்கமான மிதவைக் கேலிப்பரில், வெளிப்பக்க பிரேக் பேட் தேயும்போது கேலிப்பரின் உடல் உள்நோக்கி நகர்ந்துகொள்கிறது. பழைய பேடுடன் மாட்டிப் பார்த்த வீல் நன்றாகச் சேரும். பல மாதம் கழித்துப் புதுப் பேட் போட்ட அன்று கேலிப்பரின் நகம் பழைய இடத்துக்கு வெளியே வந்து ஆரக்காலைத் தொடும். உரிமையாளர் பேட் கடைக்காரரைத் திட்டுவார். அளக்க வேண்டியது புதுப் பேடுடன்.

தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச இடைவெளி 3 மி.மீ. பூட்டுக்கு இது பெருந்தொகை; அவ்வளவு தளர்ச்சி இருந்தால் அந்தப் பூட்டைக் கம்பி கொண்டே திறந்துவிடலாம். தடைகளில் படாமல் இருக்க எல்லாவற்றையும் ராவி எறிந்து, கடைசிப் பல்லை மட்டும் மிச்சம் வைத்த கள்ளச்சாவியைப் பூட்டுக்காரர் பார்க்கவும் விரும்பமாட்டார். சக்கரத்திலோ அப்படி எல்லாவற்றுக்கும் ஒதுங்கிப் போகும் வீல்தான் நல்ல வீல். ஆனால் அந்த 3 மி.மீ. எளிதில் கரையும். வீல் பேலன்ஸ் செய்பவர் உட்புறம் ஒட்டும் எடைத்துண்டு ஒன்றே அதைத் தின்றுவிடக்கூடும். ஆகவே ஒட்டிய பிறகும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் ஏற்றி இறங்கும் வண்டிக்குப் பிரேக் சூடு, பேரிங் ஆட்டம், வளைவில் வீலின் நெளிவு எல்லாம் சேர்ந்து வரும். கல்குவாரிப் பாதையில் ஏறிய ஜல்லி ஒன்று அந்த இடுக்கில் புகுந்தால் வீலின் உட்புறம் முழுவதும் வட்டக் கோடு விழும். நின்ற இடத்தில் நிற்கும் பூட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மணிப்பூட்டை வாங்குபவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திருப்பும்போது ஒலிக்கும் மணிக்காகத்தான் அந்தப் பூட்டையே கேட்டு வந்திருப்பார். வீல் வாங்கியவரும் அதேபோல வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நட்டுகளை முறைப்படி இறுக்கி, முன்சக்கரத்தைக் கையால் சுற்றிக் காதைக் கொடுக்கிறார். பேட் டிஸ்க்கை வருடும் சன்னமான சீரான ஓசையைத் தவிர, சுற்றுக்கு ஒரு முறை "சர்ரக்" என்று ஏதாவது கேட்டால், நட்டுகளைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.