கழுகு முத்திரைக்குக் கீழே

பழைய ஃபிலிம் கேமரா மேல் ஆசை வந்து இணைய ஏலத் தளங்களில் மேய ஆரம்பித்தால், முதல் வாரத்திலேயே அந்தக் கேமரா கண்ணில் படும். பித்தளையில் தங்க மினுமினுப்பு. உடம்பைச் சுற்றிப் பாம்புத்தோல் மாதிரி ஏதோ ஒன்று. மேல்தகட்டில் வளைந்த எழுத்தில் 'லைக்கா'. பக்கத்தில் சிறகு விரித்த கழுகு, அதன் காலடியில் நாஜிகளின் ஸ்வஸ்திகா. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படையிடம் இருந்த கேமரா என்று கீழே குறிப்பு வேறு. விலையைப் பார்த்தால் ஒரு நல்ல லைக்காவுக்குத் தர வேண்டியதில் சின்னப் பங்குதான்.

இப்படி ஒன்று கைக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் செய்யும் முதல் வேலை, லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு உள்ளே பார்ப்பது. மேல்பக்கம் சின்ன நெம்புகோல் ஒன்று தெரியும். லென்ஸ் முன்னும் பின்னும் நகர்வதை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்லும் உறுப்பு அது. அசல் லைக்காவில் அதன் நுனியில் உருளும் சக்கரம் இருக்கும். சக்கரத்துக்குப் பதில் ஆப்பு போல வழித்த உலோக நுனி இருந்தால், உங்கள் கையில் இருப்பது அநேகமாக சோவியத் கேமரா. பெயர் 'ஃபெட்' அல்லது 'ஜோர்க்கி'. யாரோ அதன் எழுத்தை ராவி எடுத்துவிட்டு லைக்கா என்று பொறித்திருக்கிறார்கள்.

"போலி" என்று அத்தோடு முடித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு என்னவோ அந்த ராவி எடுத்த எழுத்து என்னவாக இருந்திருக்கும் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

*

முதலில் அசலைப் பற்றிக் கொஞ்சம். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் லைட்ஸ் நிறுவனம் மைக்ராஸ்கோப் செய்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடும் பெட்டிக் கேமராவும் சுமந்துகொண்டு மலையேறுவது அவரால் முடியாத காரியம். சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. ஃபிலிமை எடுத்து, சினிமாச் சட்டகத்தை இரட்டிப்பாக்கி, 24-க்கு 36 மி.மீ. அளவில் படமெடுக்கும் சின்னக் கேமரா ஒன்றை 1914 வாக்கில் செய்து முடித்தார். போர் வந்து போனது. 1925-ல் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. 1932-ல் வந்த லைக்கா II-இல், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஜன்னலில் இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகச் சேரும் வரை லென்ஸைத் திருப்பினால் போதும், ஃபோகஸ் வந்துவிடும்.

உலகமே அதைக் காப்பியடிக்க ஆசைப்பட்டது. ஜப்பானில் கோரோ யோஷிதா ஒரு லைக்காவைப் பிரித்துப்போட்டுப் பார்த்தார். வைரமோ ரத்தினமோ இல்லை, உள்ளே இருந்ததெல்லாம் சாதாரண உலோகம்தான் என்பது அவரை ஆச்சரியப்படுத்தியது. பிற்பாடு கேனானாக வளர்ந்த முயற்சி அது. யோஷிதாவைப் போலவே லைக்காவைப் பிரித்துப் பார்த்த இன்னொரு கூட்டமும் இருந்தது. உக்ரைனின் கார்கிவ் நகரத்துப் பதின்வயதுப் பிள்ளைகள்.

*

ரஷ்ய உள்நாட்டுப் போரும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் முடிந்தபோது சோவியத் நாட்டில் பல லட்சம் குழந்தைகள் தெருவில் இருந்தார்கள். ரயில் நிலையங்களில் தூங்கினார்கள், திருடினார்கள், கும்பல் சேர்ந்தார்கள். அவர்களை வைத்துப் பள்ளி நடத்தப் புறப்பட்டவர் அந்தோன் மக்காரென்கோ. முதலில் பொல்தாவா அருகே ஒரு காலனி. பிறகு 1927 இறுதியில் கார்கிவ் புறநகரில் திறந்த கம்யூன். அரை நாள் படிப்பு, அரை நாள் பட்டறை. செய்யும் வேலைக்குக் கூலி உண்டு. மரச் சாமான்களில் தொடங்கி மின்சாரத் துளைக்கருவிக்குப் போனார்கள். அதற்கடுத்து எடுத்துக்கொண்டது லைக்கா.

முதல் மூன்று மாதிரிகள் 1932 இறுதியில் தயாராயின. 1934-ல் தொடர் உற்பத்தி ஆரம்பித்தது. வரைபடம் யாரும் தரவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் அளந்து, எந்த உலோகம் என்று கண்டுபிடித்து, அதைச் செய்வதற்கான கருவிகளையும் தாங்களே செய்ய வேண்டும். மூல நிரல் இல்லாத மென்பொருளை வெளியிலிருந்து பார்த்தே திரும்ப எழுதியவர்களுக்கு இந்த வேலையின் வலி புரியும். இங்கே பிழைக்கான இடம் இன்னும் குறைவு. லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே லைக்கா வைத்த தூரம் 28.8 மி.மீ. அதில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு தவறினாலே படம் மங்கிவிடும். ஆரம்பகால ஃபெட்களில் எல்லாக் கேமராவுக்கும் ஒரே அளவு என்று ஒன்றைக் கொண்டுவர முடியவில்லை. அதனால் ஒவ்வொரு உடலுக்கும் ஒரு லென்ஸைத் தனித்தனியாகப் பொருத்திச் சரிபார்த்து அனுப்பினார்கள். இன்றைக்கு அந்தக் காலத்து ஃபெட் ஒன்றின் லென்ஸைக் கழற்றி இன்னொரு ஃபெட்டில் மாட்டினால் ஃபோகஸ் தப்பிப்போகக் காரணம் இதுதான். ஜோடி பிரியாமல் வந்த கேமராவுக்குச் சேகரிப்பாளர்கள் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள்.

கேமராவின் பெயர்தான் கொஞ்சம் தொண்டையில் சிக்கும். ஃபெட் என்பது ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ட்செர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகள். சோவியத் ரகசியப் போலீஸான 'சேக்கா'வை உருவாக்கியவர் அவர். கம்யூனை நிறுவியதும் அந்தப் போலீஸ் துறைதான். 1930களின் நடுவில் வந்த ஃபெட்களின் மேல்தகட்டில், அந்தத் துறையின் பிந்தைய பெயரான என்.கே.வி.டி.யும் கம்யூனின் பெயரும் கார்கிவ் என்ற ஊர்ப்பெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டிருக்கும். அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் தொழிலும் கொடுத்த அதே துறை, வேறு எத்தனையோ பிள்ளைகளை அனாதையாக்கவும் செய்தது. ஒரு சின்னத் தகட்டில் இது இரண்டும் இருக்கிறது.

*

தேதிகளை மறுபடி பாருங்கள். முதல் மாதிரி 1932 இறுதியில், தொடர் உற்பத்தி 1934-ல். நடுவில் இருக்கும் 1933, உக்ரைனில் 'ஹொலொதோமோர்' பஞ்சத்தின் உச்சம். விவசாயிகளிடமிருந்து அரசு தானியத்தைப் பறித்துக்கொண்டு போனதில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அன்றைக்குக் கார்கிவ்தான் சோவியத் உக்ரைனின் தலைநகரம். கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் அதன் நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். பார்த்தவர்கள் எக்கச்சக்கம். படம் எடுக்கத்தான் யாருக்கும் அனுமதியில்லை.

ஒருவர் எடுத்தார். அலெக்சாண்டர் வீனர்பெர்கர், அந்த ஊரில் வேலை பார்த்த ஆஸ்திரியப் பொறியாளர். தெருவில் கிடந்த உடல்கள், ரொட்டிக் கடை வரிசைகள், ஊதிய வயிற்றோடு உட்கார்ந்திருந்தவர்கள் என்று ரகசியமாகப் படமெடுத்து, தூதரகத்தின் வழியாக நாட்டைவிட்டு வெளியே அனுப்பினார். அந்தப் பஞ்சத்துக்கு நம்மிடம் இருக்கும் புகைப்படச் சாட்சியங்களில் முக்கியமானவை அவை. அவர் பயன்படுத்தியது லைக்கா என்று சொல்கிறார்கள்.

ஆக, ஒரே ஊர், ஒரே வருடம். ஊருக்குள் ஒரு லைக்கா கோட்டுக்குள் ஒளிந்தபடி செத்துக்கொண்டிருந்தவர்களைப் படமெடுத்தது. ஊர் எல்லையில் முந்தைய பஞ்சத்தில் பிழைத்த பிள்ளைகள் லைக்காவைப் பார்த்துத் தங்கள் கேமராவைச் செய்துகொண்டிருந்தார்கள். இதை முதலில் படித்தபோது என் ஃபெட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

*

அதை வைத்துப் படமெடுப்பது ஒன்றும் சுலபமில்லை. பின்பக்கம் திறக்காது, அடித்தகட்டைக் கழற்றித்தான் ரோலை நுழைக்க வேண்டும். கடையில் வாங்கும் ரோலின் முன்முனை இதற்குப் போதாது. சுமார் 10 செ.மீ. நீளத்துக்குப் பாதி அகலமாகக் கத்தரித்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, சட்டகம் பார்க்க இன்னொரு துளை. ஷட்டர் வேகத்தை ஃபிலிமை முன்னே சுற்றிய பிறகுதான் மாற்ற வேண்டும். ஒளிமானி கிடையாது. நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் என்ற பழைய கணக்குதான் துணை. ஷட்டர் திரை துணியால் ஆனது. லென்ஸை மூடாமல் சூரியனைப் பார்க்க வைத்துவிட்டால் அதில் ஊசித்துளை விழுந்துவிடும்.

இவ்வளவும் தாண்டி எடுத்தால் படம் நன்றாகவே வருகிறது. ஓரங்களில் கொஞ்சம் மங்கல், எதிர்வெளிச்சத்தில் வெளிறல், நடுவில் நல்ல கூர்மை. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ கையால் சரிபார்த்த ஷட்டர் இன்னும் திறந்து மூடுகிறது.

*

1941-ல் ஜெர்மன் படை கார்கிவை நெருங்கியது. தொழிற்சாலையைப் பெயர்த்து சைபீரியாவில் பெர்த்ஸ்க் என்ற ஊருக்கு ரயிலேற்றினார்கள். அக்டோபரில் நகரம் வீழ்ந்தது. 1943 ஆகஸ்டில் மீட்கப்பட்டபோது மிஞ்சியது பெரும்பாலும் இடிபாடுகள். போருக்குப் பிறகு ஃபெட்டை மறுபடி நிலைநிறுத்த நாளானதால், மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலும் அதே கேமராவைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஜோர்க்கி அப்படிப் பிறந்ததுதான்.

1945 மே 2-ல் பெர்லினில் ரைக்‌ஷ்டாக் கட்டடத்தின் உச்சியில் செங்கொடி ஏற்றும் படத்தை எடுத்தவர் யெவ்கேனி கால்தேய். இன்றைய தனெத்ஸ்க் நகரத்தில் பிறந்த யூதர். கைக்குழந்தையாக இருந்தபோது இனக்கலவரத்தில் தாயைப் பறிகொடுத்தார். தந்தையையும் சகோதரிகளையும் நாஜிகள் கொன்றார்கள். மேஜைவிரிப்புத் துணியில் தைத்த கொடியை அவரே மாஸ்கோவிலிருந்து கொண்டுபோயிருந்தார். கையில் இருந்தது லைக்கா III. அந்தக் கேமரா 2014-ல் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது.

அந்தப் படத்தில் கொடி ஏற்றுபவரைத் தாங்கிப் பிடிக்கும் அதிகாரியின் இரண்டு கைகளிலும் கடிகாரம் போல் தெரிந்தது. ஒன்று திசைகாட்டியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. பார்ப்பவர்கள் கொள்ளையடித்ததாக நினைத்துவிடுவார்களே! கால்தேய் நெகட்டிவில் ஊசியால் கீறி அதை அழித்தார். பின்னணியில் புகையும் சேர்த்தார். அசல் லைக்காவில் எடுத்த அசல் படத்திலும் ராவி எடுத்த இடம் ஒன்று இருக்கிறது.

*

சோவியத் ஒன்றியம் உடைந்தது. வேலையும் சம்பளமும் இல்லாத காலம். இயந்திரம் தெரிந்த கைகள் மட்டும் நிறைய இருந்தன. மேற்கிலிருந்து வந்தவர்களுக்குப் போர்க்கால நினைவுப்பொருள் என்றால் உயிர், அதிலும் நாஜி முத்திரை இருந்தால் சொல்லவே வேண்டாம். சந்தையில் மலிவாகக் கிடந்த ஃபெட்டையும் ஜோர்க்கியையும் எடுத்து, பழைய எழுத்தை ராவி, கழுகைப் பொறித்து, தங்கமுலாம் பூசி விற்றார்கள். விமானப்படைக் கழுகு, டாங்கிப் படைச் சின்னம், 1936 பெர்லின் ஒலிம்பிக் வளையங்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது.

பிழைப்புக்காகச் செய்தவர்களை என்னால் ரொம்பக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும். உள்நாட்டுப் போரின் அனாதைகள் உருவாக்கிய கேமரா. அந்த ஊரைச் சூறையாடிய படையின் முத்திரையைக் குத்தினால்தான் அதற்கு விலை. உண்மையாக நடந்த ஒரு வரலாற்றைச் சுரண்டிவிட்டு, நடக்காத ஒன்றை அதன் மேல் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியின் லைக்காவுக்கும் இது நியாயம் செய்யவில்லை. யூதத் தொழிலாளர்கள் பலரை வெளிநாட்டு வேலை என்ற பெயரில் ஜெர்மனியிலிருந்து தப்பவைத்தவர் அதன் முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ். ராணுவத்துக்குக் கேமரா விற்றதும் அதே நிறுவனம்தான். இந்தச் சிக்கல் எதுவும் தங்கமுலாம் பூசிய கழுகில் இல்லை.

2022-ல் வெட்ஸ்லாரில் நடந்த ஏலத்தில் ஆரம்பகால லைக்கா ஒன்று 1.44 கோடி யூரோவுக்குப் போனது. பார்னாக் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கேமரா, அவர் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு பெயர்ப்பொறிப்புக்கு அவ்வளவு மதிப்பு உண்டு என்று ஏற்றுக்கொள்பவர்கள், கார்கிவ் என்று பொறித்திருந்த தகட்டை ராவியதில் எவ்வளவு போயிற்று என்றும் கணக்குப் பார்க்கலாம். அந்த நகரத்தின் மேல் 2022 முதல் மறுபடியும் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது, இம்முறை ரஷ்யக் குண்டு.

பழைய கேமரா சேகரிக்கப்போகும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. முலாம் பூசாத, தேய்ந்துபோன சாதாரண ஃபெட் ஒன்றை வாங்குங்கள். மேல்தகட்டின் எழுத்து முழுசாக இருக்கிறதா, லென்ஸ் கேமராவோடு வந்ததுதானா என்று பாருங்கள். ஷட்டர் துணியை விளக்கு வெளிச்சத்தில் காட்டி ஓட்டை தேடுங்கள். ஏற்கனவே கழுகு போட்ட கேமரா கையில் இருந்தால் வெட்கப்பட்டு ஒளித்துவைக்க வேண்டாம், அதுவும் படம் எடுக்கும். யாராவது கேட்டால் மட்டும் விமானப்படைக் கதையை விட்டுவிட்டு, மக்காரென்கோவின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.