பூட்டிய பள்ளிகளும் உதவித்தொகையும்

பெற்றோர் தேரும் தனியார் பள்ளிக்கு அரசே பணம் தரலாம் என்று பொருளியலாளர் மில்ட்டன் ஃப்ரீட்மன் 1955-இல் எழுதினார். அமெரிக்காவில் அவ்வேற்பாட்டின் முதல் அத்தியாயங்களுள் ஒன்று அத்தனை இனிமையானதன்று.

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில், தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளிலும் படிக்க நேர்ந்த கறுப்பின மாணவர்கள் 1951-இல் வகுப்புகளைப் புறக்கணித்தனர். முன்நின்றவர் பார்பரா ஜான்ஸ், வயது பதினாறு. அதிலிருந்து எழுந்த வழக்கையும் சேர்த்தே 1954-இல் உச்ச நீதிமன்றம் இனவாரிப் பள்ளிகள் செல்லாது என்றது. மாவட்டம் பணியவில்லை. 1959-இல் பள்ளி வரி விதிக்க மறுத்து, பொதுப்பள்ளிகள் அனைத்தையும் பூட்டியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. 1960-இல் மாநிலமும் மாவட்டமும் உதவித்தொகை வழங்கின. விதியில் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவர்கள் சொல்லறிந்தவர்கள்! தமக்கும் தனிப்பள்ளி அமைத்துத் தருவதாகச் சொன்னதைக் கறுப்பின மக்கள் மறுத்து, வழக்கையே தொடர்ந்தனர். விலை பெரிது: பிள்ளைகளில் பலர் நான்காண்டுகள் பள்ளியைக் காணவில்லை. 1964-இல்தான் தீர்ப்பு வந்தது.

1990-இல் மில்வாக்கி நகரின் ஏழைக் குழந்தைகளுக்காக இதே உதவித்தொகையைப் போராடிப் பெற்றவர் பாலி வில்லியம்ஸ் என்னும் கறுப்பினப் பெண் சட்டமன்ற உறுப்பினர். பின்னாளில் வருமான வரம்பைத் தளர்த்த முயன்றபோது எதிர்த்தவரும் அவரே. அரிசோனா 2011-இல் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய கல்விச் சேமிப்புக் கணக்கோ, 2022-இல் வருமான வரம்பின்றி எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது.