முந்நூறு பேர், இரண்டு தரம்: ஸ்பார்ட்டன்-3 பிள்ளைகளின் கதை

‘ஹேலோ: ரீச்’ கேமை நான் முதல்முதலாக விளையாடினது ஸ்டடி லீவில. படிக்க வேண்டியது கிரேக்க வரலாறு. விளையாடினது ஸ்பார்ட்டன்களை வைத்து. ரெண்டும் ஒண்டுதானே எண்டு ரூம்மேட்டுக்குச் சொல்லிச் சமாளிச்சன். அது பொய் எண்டுதான் அப்ப நினைச்சனான். இப்ப அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல ஏலாது.

கேம் 2010 இல் வந்தது. பஞ்ஜி நிறுவனம் செய்த கடைசி ஹேலோ கேம் அது. அதில் நாங்கள் ‘நோபல்’ என்கிற ஆறு பேர் கொண்ட சிறப்புப் படையணியின் ஆறாவது ஆள். முகம் காட்டாத ஆள், பெயரும் இல்லை, ‘சிக்ஸ்’ எண்டுதான் கூப்பிடுவினம். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. கார்ட்டர் ஏ259, கேட் பி320, ஜூன் ஏ266, எமில் ஏ239. எங்கட ஆள் பி312. ஜோர்ஜுக்கு மட்டும் எழுத்தே இல்லை, வெறும் 052. இலக்கத்துக்கு முன்னால் நிற்கிற ஏ, பி என்ன எண்டு கேம் இருந்து விளக்காது. நானும் முதல் தரம் கவனிக்கேல்ல. எலியன்களைச் சுடுகிற அவசரத்தில் ஆர் எழுத்துக்களைப் பார்க்கிறது?

ஏ எண்டால் அல்ஃபா கொம்பனி. பி எண்டால் பீட்டா கொம்பனி. ரெண்டு கொம்பனியும் ரீச் கதை தொடங்க முன்னமே அழிஞ்சு போனவை.

இதை விளங்கிக்கொள்ள எரிக் நைலண்ட் எழுதிய ரெண்டு நாவல்களுக்குப் போக வேண்டும். முதலாவது ‘த ஃபோல் ஒஃப் ரீச்’, 2001 இல் முதல் கேம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் வந்தது. அதில் வருகிற கதையைக் கேம் விளையாடுகிற கனபேர் அறிய மாட்டினம். மாஸ்டர் சீஃப் பெரிய வீரன், பூமியைக் காப்பாற்றினவன், அவ்வளவுதான் தெரியும். அவன் எப்படி வந்தவன்? 2517 இல் டொக்டர் கத்தரின் ஹால்சி என்கிற விஞ்ஞானி, கடற்படைப் புலனாய்வு அலுவலகத்தின் ஆதரவோடு, குடியேற்றக் கோள்களில் இருந்து 75 பிள்ளைகளைக் கடத்துகிறா. எல்லாருக்கும் ஆறு வயசு. தாய் தகப்பனுக்குச் சந்தேகம் வராமல் இருக்க, வீட்டில் அதே பிள்ளையின் குளோன் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் குளோன்கள் கனகாலம் உயிரோடு இருக்காது. பெற்றோர் நோயில் செத்த பிள்ளையைப் புதைத்துவிட்டு அழுகிறார்கள். சொந்தப் பிள்ளை வேறொரு கோளில் துவக்குப் பயிற்சி எடுக்கிறது. பதினான்கு வயதில் உடலை மாற்றுகிற சத்திரசிகிச்சைகள் நடக்கின்றன. 30 பேர் சாகிறார்கள், 12 பேர் ஊனமாகிறார்கள். மிச்சம் 33.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற இடம் ஒன்று இருக்கு. இந்தப் பிள்ளைகளைக் கடத்தினபோது எலியன்கள் எண்டு ஒரு கதையே இல்லை. கவனன்ட் என்கிற அந்நியக் கூட்டணியை மனிதர்கள் சந்திப்பது 2525 இல், ஹார்வெஸ்ட் என்கிற கோளில். ஸ்பார்ட்டன்கள் அதற்கு எட்டு வருஷம் முதலே எடுக்கப்பட்டுவிட்டார்கள். எதற்கு? பூமியின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த குடியேற்றக் கோள்களின் மனிதர்களை அடக்க. அவர்களுடைய முதல் நடவடிக்கையே ரொபர்ட் வாட்ஸ் என்கிற கிளர்ச்சித் தலைவனைப் பிடித்துக்கொண்டு வருவதுதான். பிறகு எலியன் வந்தான், எல்லாம் மறக்கப்பட்டது. 2547 இல் மக்களின் மனத்தைத் தேற்றுவதற்காக ஸ்பார்ட்டன்களைப் பற்றி அரசு பகிரங்கமாக அறிவித்தபோது அவர்கள் மனித குலத்தின் காவலர்கள் ஆகிவிட்டார்கள். செத்தவர்களைச் செத்தவர்கள் எண்டு பதியக் கூடாது, ‘காணாமல் போனவர்’ அல்லது ‘காயமடைந்தவர்’ எண்டுதான் பதிய வேண்டும் எண்டும் ஓர் உத்தரவு இருந்தது.

இந்த இடத்தில்தான் என்ர கிரேக்க வரலாற்றுக் கொப்பி ஞாபகம் வந்தது. பழைய ஸ்பார்ட்டாவில் ‘கிரிப்தெயா’ எண்டு ஒண்டு இருந்தது. அந்தச் சொல்லுக்கே மறைவு எண்டுதான் பொருள். தேர்ந்தெடுத்த இளைஞர்களைக் கையில் குத்துவாளும் கொஞ்சச் சாப்பாடும் கொடுத்து நாட்டுப்புறத்துக்கு அனுப்புவார்கள். பகலில் பதுங்கி இருந்து, இரவில் வந்து ஹெலட்டுகளைக் கொல்லுவார்கள் எண்டு புளூட்டார்க் எழுதுகிறார். ஹெலட்டுகள் வெளிநாட்டு எதிரிகள் இல்லை, ஸ்பார்ட்டாவுக்குச் சோறு போட்ட அடிமை உழவர்கள். அவர்களைக் கொல்வது பாவம் ஆகிவிடக் கூடாது எண்டதற்காக ஒவ்வொரு வருஷமும் எஃபோர்கள் அவர்கள்மேல் முறைப்படி போர் அறிவித்தார்களாம். கிரிப்தெயா உண்மையில் எப்படி இயங்கினது எண்டதில் வரலாற்றாசிரியர்களுக்குள்ள சண்டை இருக்கு, அதுக்குள்ள நான் போகேல்ல. ஸ்பார்ட்டா எண்டால் எங்களுக்கு தெர்மோபிலையும் சிவப்பு அங்கியும்தான் ஞாபகம் வரும், இது வராது. ஹேலோவிலும் அதே கதைதான். நைலண்ட் கிரிப்தெயாவை நினைச்சு எழுதினாரா எண்டது எனக்கு முக்கியமில்லை.

சரி, ஏ, பி கதைக்கு வருவம். அது 2006 இல் வந்த ‘கோஸ்ட்ஸ் ஒஃப் ஒனிக்ஸ்’ நாவலில் இருக்கு.

2531. போர் தோற்றுக்கொண்டு போகுது. ஹால்சியின் ஸ்பார்ட்டன்கள் நல்லா அடிக்கினம், ஆனால் கொஞ்சப் பேர். அவர்கள் போடுகிற ‘மியோல்னிர்’ கவசம் ஒண்டின் விலை ஒரு சின்னக் கப்பலின் விலை. ஹால்சியைப் பிடிக்காத கேணல் ஜேம்ஸ் அக்கர்சன் ஒரு யோசனையோடு வருகிறார். மலிவான ஸ்பார்ட்டன்கள். கூடுதலான எண்ணிக்கை. திரும்பி வர வேண்டிய தேவையில்லாத ஸ்பார்ட்டன்கள். இந்த முறை கடத்தவோ குளோன் வைக்கவோ வேண்டாம். கவனன்ட் எரித்துச் சாம்பலாக்கின கோள்களில் அநாதைப் பிள்ளைகள் வேண்டிய அளவு இருக்கினம். அவர்களுக்கு நாலு, ஐந்து, ஆறு வயசு. அவர்களிடம் போய், உங்கட அப்பா அம்மாவைக் கொன்றவங்களைத் திருப்பி அடிக்க ஒரு சந்தர்ப்பம் தாறம், வாறீங்களா எண்டு கேட்பது. தாங்களாக விரும்பி வந்தார்கள் எண்டு கோப்பில் எழுதலாம். முதல் சோதனை: இரவில், பறந்துகொண்டிருக்கிற விமானத்தில் இருந்து இருட்டுக்குள் குதிக்க வேண்டும். குதித்தவர் உள்ளே, மறுத்தவர் வெளியே.

பிள்ளைகள் போருக்கு எடுக்கப்படுறதை எங்கட நாட்டில் ஆரும் வெறும் கற்பனையாக வாசிக்க மாட்டினம். அதைப் பற்றி எழுத இந்தக் கட்டுரை வரேல்ல. ஆனால் அந்த விமானக் காட்சியை நான் ஒரே மூச்சில் வாசிக்கேல்ல எண்டதை மட்டும் சொல்லிவிடுறன்.

பயிற்சி ஒனிக்ஸ் என்கிற, வரைபடத்தில் இல்லாத ஒரு கோளில். தலைமை கேர்ட் 051, அவனே ஹால்சி கடத்தின பிள்ளைகளில் ஒருத்தன். அவனை இந்த வேலைக்கு எடுத்த விதமும் திருட்டுத்தான். விண்வெளியில் ஒரு விபத்தை உருவாக்கி, கூட்டாளிகள் அவன் போய்விட்டான் எண்டு நம்ப, புலனாய்வுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே, அவனைச் சின்ன வயசில் பயிற்றுவித்த அதே மென்டெஸ்.

அல்ஃபா கொம்பனி 300 பேர். 2537 இல் ‘ஒப்பரேஷன் புரமீதியஸ்’. கவனன்ட் கப்பல் கட்டுகிற ஒரு தளத்தை அழிக்க வேண்டும். ஏழு நாள் சண்டை. தளம் அழிந்தது. 300 பேரும் செத்தார்கள். அவர்களுக்கு அப்ப பன்னிரண்டு வயசுக்கு மேல் இருக்காது. மேலிடத்தில் இது வெற்றி எண்டு கணக்கெழுதப்பட்டது. பீட்டா கொம்பனியும் 300 பேர். 2545 இல் ‘ஒப்பரேஷன் டோர்பிடோ’, பெகாசை டெல்டாவில் ஓர் எரிபொருள் ஆலை. அதுவும் அழிந்தது. திரும்பி வந்தது டொம், லூசி எண்டு ரெண்டு பேர். லூசி அதற்குப் பிறகு பேசவே இல்லை. பேச்சை இழந்த அந்தப் பிள்ளையை மேலிடம் என்ன செய்தது? டொமோடு சேர்த்து, அடுத்த கொம்பனிக்குப் பயிற்சி கொடுக்க வைத்தது.

300 எண்ட எண் எங்க இருந்து வந்தது எண்டு சொல்லத் தேவையில்லை. (தெர்மோபிலையில் கடைசி நாள் 700 தெஸ்பியரும் நின்று செத்தவை. அவையை ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்ல. இது என்ர பழைய கோபம்.) ஆனால் ஹெரோடோட்டஸ் ஒரு விஷயம் எழுதுகிறார். கி.மு. 480 இல் லியோனிடாஸ் 300 பேரைத் தெரிந்தெடுத்தபோது, உயிரோடு ஆண்பிள்ளை உள்ளவர்களைப் பார்த்துத்தான் எடுத்தாராம். செத்தாலும் வீடு அழியக் கூடாது எண்டதற்காக என்பதுதான் வழமையான விளக்கம். அக்கர்சன் தன்ர முந்நூறைத் தெரிந்தெடுத்த விதி இதுக்கு நேர் எதிர். பின்னால் அழுவதற்கு ஒருத்தரும் இல்லாதவர்களைத்தான் அவர் எடுத்தார். படை ரகசியமாக இருக்க வேண்டுமெண்டால் அதுதான் வசதி. விசாரிச்சுக்கொண்டு ஆரும் வர மாட்டினம்.

கேர்ட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேணும். அவன் கெட்டவன் இல்லை. பிள்ளைகளில் உண்மையான அன்பு வைத்தவன். இனி ஒருத்தரும் சாகக் கூடாது எண்டு மூன்றாவது கொம்பனியான காமாவின் 330 பேருக்கும் சட்டம் தடை செய்த ஒரு மூளை மாற்றத்தைச் செய்விக்கிறான். காயப்பட்டாலும் விழாமல் சண்டை பிடிப்பார்கள். பதிலாக, மூளை தடம் மாறாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்க வேண்டும். நாவலிலேயே எனக்கு ஆகப் பயம் தந்தது எலியன் இல்லை, இந்த அன்புதான். அக்கர்சனைத் திட்டுவது லேசு. கேர்ட்டை என்ன செய்கிறது?

இப்ப நோபலுக்குத் திரும்பினால், அந்த அணியின் ஏ, பி ஆட்கள் ஏன் உயிரோடு இருக்கினம் எண்டது விளங்கும். மற்றவர்களை விடத் திறமையாக இருந்தவர்கள் அந்தத் தற்கொலைப் பயணங்களுக்கு முதலே கொம்பனியில் இருந்து பிரித்து எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விலை கூடின கவசம் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது உருமறைப்புச் செய்கிற, ஆனால் சக்திக்கேடயம் இல்லாத மலிவுக் கவசம். ஆக, கேட்டும் சிக்ஸும் தங்களோடு வளர்ந்த முந்நூறு பேரைப் பறிகொடுத்தவர்கள். ரீச்சில் அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கிறேல்ல. எமில் தலைக்கவசத்தில் மண்டையோட்டைக் கீறி வைத்திருக்கிறான், நான் அதை ஸ்டைலுக்கு எண்டுதான் நினைச்சனான்.

புத்தகங்களை வாசிச்ச பிறகு ரெண்டாம் தரம் விளையாடினன். கடைசியில் சிக்ஸ் தனிச்சு நிற்கிற கட்டம் வரும். வெல்ல ஏலாது, எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறம் எண்டதுதான். ரூம்மேட் பக்கத்தில இருந்து கத்திக்கொண்டிருந்தான். முடிஞ்ச பிறகு 2589 ஆம் ஆண்டு, திரும்பப் பச்சையாகத் தொடங்கின ரீச், தரையில் உடைஞ்ச தலைக்கவசம். பின்னணியில் ஹால்சியின் குரல் அஞ்சலி சொல்லுது. சிக்ஸை எடுத்தது ஹால்சி இல்லை, அக்கர்சன். அவருடைய குரல் அங்க எங்கேயும் கேட்காது. பீட்டா எண்ட சொல்லும் அந்த அஞ்சலியில் இல்லை.