ஒவ்வொரு முடியாக... எலக்ட்ராலிசிஸ் தொழிலின் கதையும் ஒரு அலங்காநல்லூர் கணக்கும்

அலங்காநல்லூர் என்றதும் வாடிவாசல்தான் ஞாபகத்துக்கு வரும். தை மூன்றாம் நாள் உலகமே டிவியில் பார்க்கிற ஊர். மற்ற நாட்களில் அது ஒரு சாதாரணப் பேரூராட்சி. மதுரைக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தெருவுக்கு ஒரு வீட்டில் தையல் மிஷின் ஓடும். சில வீடுகளில் முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு சாய்வு நாற்காலி, சுவரில் ஒரு நடிகை படம். பியூட்டி பார்லர் தயார்!

அப்படி ஒரு முன்னறையில் நூல் வைத்துப் புருவம் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு அக்கா, "எலக்ட்ராலிசிஸ் மிஷின் ஒன்று வாங்கிப் போடலாமா? முடி திரும்ப முளைக்கவே முளைக்காதாமே!" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? முதலீடு எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஆரம்பிப்பது காமர்ஸ் படிப்பவர்களின் வியாதி. ஆனால் இந்தத் தொழிலுக்கு 150 வருடச் சரித்திரம் இருக்கிறது. பாதிக் கணக்கை அதுவே போட்டு வைத்திருக்கிறது.

கதை அழகு நிலையத்தில் தொடங்கவில்லை, கண் மருத்துவரிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷல் என்று ஒரு கண் டாக்டர். இமை முடி உள்பக்கமாக வளர்ந்து விழியைக் குத்தும் நோய்க்கு வைத்தியம் தேடிக்கொண்டிருந்தார். பிடுங்கினால் திரும்ப முளைக்கும், திரும்பக் குத்தும். கடைசியில் மெல்லிய ஊசி ஒன்றை மயிர்க்காலுக்குள் விட்டு, பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ச்சினார். முடி போனது, திரும்பவில்லை. 1875ல் இதை ஒரு மருத்துவ இதழில் எழுதினார்.

பிளஸ் டூ வேதியியலில் மின்னாற்பகுப்பு படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உடம்பில் இருப்பது உப்புத் தண்ணீர். அதில் மின்சாரம் போனால் எதிர்மின் முனையில் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகும், அதாவது நம்ம காஸ்டிக் சோடா. ஊசி நுனியில் உண்டாகும் அந்தத் துளி காரம் முடியின் வேரை அரித்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். சில ஆண்டுகளில் அதே ஊரைச் சேர்ந்த தோல் மருத்துவர் வில்லியம் ஹார்டவே இதைப் பெண்களின் முகத்தில் வளரும் முடிக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார். கண் வைத்தியம் அழகுத் தொழிலாக மாறியது அங்கேதான்.

ஒரே ஒரு சிக்கல், நேரம். ஒரு ஊசி, ஒரு மயிர்க்கால். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம், ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேலே. ஒரு தாடையில் எத்தனை முடி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தோடு முடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வளருவதில்லை. இன்று தெரிகிற முடியை எடுத்தாலும் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பது இரண்டு மாதம் கழித்து எட்டிப் பார்க்கும். அதனால் வாராவாரம் வர வேண்டும், ஒரு வருடம் அல்லது அதற்கும் மேலே.

இதற்குப் பிறகு நடந்த சரித்திரம் எல்லாம் இந்த நேரத்தை எப்படிக் குறைப்பது என்ற போராட்டம்தான்.

பால் க்ரீ என்பவர் 1910களில் பல ஊசிகளை ஒரே நேரத்தில் குத்தி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நியூயார்க்கில் அவர் பெயரில் பயிற்சிப் பள்ளி நடந்தது, மிஷின் விற்பனையும் நடந்தது. (முடி எடுத்ததில் வந்ததைவிட, முடி எடுக்கக் கற்றுக்கொடுத்ததில் வந்தது அதிகமாக இருக்கும் என்று தோன்றுகிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) டி. ஜே. மாலர் என்பவரோ நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுக் கருவி விற்றார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தன் தாடையில் தானே ஊசி குத்திக்கொள்வது எப்படி இருந்திருக்கும் என்பது அந்தப் பெண்களுக்கே வெளிச்சம்.

குறுக்கு வழி என்றால் எக்ஸ்ரேதான் பெரிய குறுக்கு வழி. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895ன் கடைசியில். அடுத்த வருடமே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற டாக்டர், முதுகில் முடி அடர்ந்த மச்சம் இருந்த ஒரு சிறுமிக்கு அதைக் காட்டினார். முடி கொட்டியது, பின்னால் புண்ணும் வந்தது. முதல் நோயாளியிடமே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. யார் கேட்டார்கள்?

1920களில் நியூயார்க்கில் டாக்டர் ஆல்பர்ட் கைசர் 'ட்ரிக்கோ' என்ற எக்ஸ்ரே பெட்டியைக் கொண்டுவந்தார். வலி கிடையாது, ஊசி கிடையாது, பெட்டி முன்னால் சில நிமிடம் உட்கார்ந்தால் போதும். இங்கேதான் வியாபார மூளை வேலை செய்தது. மிஷினை அழகு நிலையங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நடத்துகிறவர்களுக்கு இரண்டு வாரம் அளவுக்குப் பயிற்சி. டாக்டர் தேவையில்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் பரவிவிட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் போனார்கள். பிறகு தோல் சுருங்கியது, நிறம் மாறியது, புண் வந்தது. சிலருக்குப் பல வருடம் கழித்துப் புற்றுநோய். 1920களின் இறுதியில் அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது, கம்பெனியும் ஒழிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, மிஷினை இயக்கிய பார்லர் பெண்கள் யாரும் மோசடிக்காரர்கள் இல்லை. 'விஞ்ஞானம்' என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி, கடன்பட்டுத் தொழில் தொடங்கிய நம் முன்னறை அக்கா மாதிரியானவர்களும் அதில் இருந்திருப்பார்கள். தெருவில் முகம் காட்ட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கொஞ்ச நாளில் 'கோரெம்லு' என்ற கிரீம் வந்தது. அதில் இருந்தது தாலியம், எலி மருந்தில் போடுகிற விஷம். முடியும் கொட்டியது, தலைமுடியும் கொட்டியது, நரம்பும் பாதித்தது. நஷ்டஈட்டு வழக்குகளில் 1932ல் கம்பெனி திவால். 1938ல் அமெரிக்கா அழகுப் பொருட்களையும் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததற்கு இந்த மாதிரிக் கதைகளும் ஒரு காரணம்.

நம்ம ஊர் மட்டும் யோக்கியமா? சுசுருத சம்ஹிதையிலேயே முடி நீக்கப் பூச்சு இருக்கிறது. சங்குச் சுண்ணம் இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு. அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம், சாட்சாத் பாஷாணம். நாடகக்காரர்கள் முகத்தில் பூசும் வேஷத்துக்கு 'அரிதாரம்' என்று பெயர் வந்தது இதை வைத்துத்தான். அதோடு ஒப்பிட்டால் கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்கும் பூசிக் குளித்த பாட்டிகள் புத்திசாலிகள். பலன் மெதுவோ, சந்தேகமோ, யாருக்கும் தோல் வெந்து போகவில்லை.

சரி, ஊசிக்குத் திரும்புவோம். குறுக்கு வழிகள் எல்லாம் ஊத்திக்கொண்ட பிறகும் ஊசி நின்றது. 1924ல் பிரான்சின் லியோன் நகரத்து ஹென்றி போர்டியே காஸ்டிக்குக்குப் பதிலாக உயர் அதிர்வெண் மின்சாரத்தின் சூட்டால் வேரைக் கருக்கும் முறையைச் சொன்னார். நிமிடம் நொடியானது. பிறகு ஆர்தர் ஹிங்கலும் ஹென்றி செயின்ட் பியரும் இரண்டையும் கலந்து ஒரு மிஷின் செய்து, 1948ல் காப்புரிமை வாங்கினார்கள். இன்றும் விற்கிற மிஷின்கள் இந்த மூன்று வகைதான். ஆனால் ஒரு ஊசி, ஒரு மயிர்க்கால் என்ற விதி மட்டும் மாறவேயில்லை.

1990களில் லேசர் வந்தது. தெர்மோலேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1995ல் ஆடம்பரமான ஸ்பாக்கள் திறந்து ஆரம்பித்தது. போன முடி திரும்ப முளைத்தது, சில வருடங்களில் அந்த ஸ்பாக்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் வந்த லேசர்கள் எவ்வளவோ தேவலை. கறுப்புத் தோலுக்கு ஏற்ற வகையும் உண்டு. ஆனாலும் அமெரிக்க எஃப்டிஏ லேசருக்கு 'நிரந்தரமாகக் குறைக்கும்' என்றுதான் சொல்ல அனுமதிக்கிறது. 'நிரந்தரமாக நீக்கும்' என்ற வார்த்தை இன்னும் ஊசிக்கு மட்டும்தான். நரைத்த முடியை லேசருக்குக் கண் தெரியாது. அங்கேயும் ஊசிதான். லேசர் ஒரே அடியில் நூற்றுக்கணக்கான வேரைச் சுடும் என்பதால் கை, கால், முதுகு எல்லாம் அதன் பக்கம் போய்விட்டது. ஊசிக்கு மிஞ்சியது தாடை, மேலுதடு, நரை, லேசர் விட்டுப்போன மிச்சம்.

இந்தியாவில் வீட்டிலிருந்து அழகுத் தொழில் என்றால் முதலில் சொல்ல வேண்டியது ஷானாஸ் ஹுசைன். 1971ல் டெல்லியில் தன் வீட்டு வராண்டாவில், அப்பாவிடம் கடன் வாங்கிய 35,000 ரூபாயில் ஆரம்பித்தார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. 2006ல் பத்மஸ்ரீ. ஆனால் அவர் பெரிய ஆள் ஆனது வராண்டாவில் உட்கார்ந்து பார்த்த வேலையால் மட்டும் இல்லை. மூலிகைக் கிரீம் டப்பாக்களும், அவர் பெயரைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் நடத்திய கிளைகளும்தான் பணம். ஐதராபாத்தில் 'அனூஸ்' நிறுவனம் எலக்ட்ராலிசிஸ் என்று பெயர்ப் பலகையிலேயே போட்டு வளர்ந்தது, ஆனால் அதே பலகையில் உடல் பருமன் சிகிச்சையும் இருந்தது. சென்னையில் 2000ல் தொடங்கிய நேச்சுரல்ஸ், முடிவெட்டிலும் ஃபேஷியலிலும் வளர்ந்து ஊர் ஊராகக் கிளை கொடுத்தது. பார்லர்களுக்குச் சேவை வரி வந்தது 2002 ஆகஸ்டில். அதாவது அதற்குள் அரசாங்கத்தின் கண்ணில் படுகிற அளவுக்குத் தொழில் வளர்ந்துவிட்டது.

க்ரீயை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். அவருக்குப் பள்ளியும் மிஷினும், ஷானாஸுக்கு டப்பாவும் கிளையும், அனூஸுக்கு எடைக் குறைப்பு. ஊசியை மட்டும் நம்பி யாரும் பெரிய ஆள் ஆகவில்லை. ஏன்?

புருவம் திருத்த வந்த பெண் மூன்று வாரத்தில் திரும்ப வருவாள். ஆயுள் முழுக்க வருவாள். எலக்ட்ராலிசிஸ் ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை வருடத்தில் அவளுக்கு வேலையே முடிந்துவிடும். நல்ல வேலை செய்கிற அளவுக்கு வாடிக்கையாளர் காலியாகும் விசித்திரமான தொழில் இது! பெரிய நகரம் என்றால் புதிய ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பேரூராட்சியில்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 20 நிமிடம், ஊசி மாற்றித் துடைத்து அடுத்தவரை உட்கார வைக்க 10 நிமிடம். கண்ணும் கழுத்தும் தாங்குவது நாளுக்கு ஐந்து மணி நேரம். அப்படியானால் 10 பேர். தலைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 2,000. இதே ஐந்து மணி நேரத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம், 40 ரூபாய் என்று 30 பேருக்குப் புருவம் திருத்தினால் 1,200. வித்தியாசம் 800 ரூபாய். அதுவும் நாற்காலி ஒரு நிமிடம்கூடக் காலியாக இல்லாவிட்டால்தான். வாரம் ஆறு நாள் நாற்காலி நிறைய வேண்டுமானால், வாராவாரம் தவறாமல் வருகிற 60 பெண்கள் வேண்டும். அவர்கள் முடிந்து போனதும் இன்னொரு 60. அலங்காநல்லூர், பாலமேடு, சுற்றுப்பட்டி எல்லாம் சேர்த்தாலும் இது நடக்காது. 15 பேர் கிடைத்தால் பெரிய விஷயம், மாதம் 12,000. முத்ரா சிசு கடன் 50,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் மூன்று வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் சுமார் 1,660. அது இடிக்காது. 20 லட்சத்துக்குக் கீழே வரவு என்பதால் ஜிஎஸ்டி தொல்லையும் இல்லை. இடிப்பது கடன் இல்லை, காலி நாற்காலியும் கை பழகாத காலமும்.

கை பழகுவது சும்மா இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்சி எடுத்து உரிமம் வாங்கினால்தான் ஊசியைத் தொடலாம். இங்கே அப்படித் தனி உரிமம் கிடையாது. ஊசி கோணலாகப் போனாலோ மின்சாரம் கூடினாலோ நம் நிறத் தோலில் கரும்புள்ளி விழும், சிலருக்குத் தழும்பு தடித்து மேடாகிவிடும். ஒருவர் ஊசி இன்னொருவருக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமி வரை தொற்றலாம். ட்ரிக்கோவின் இரண்டு வாரப் பயிற்சி ஞாபகம் வருகிறதா? சின்ன ஊரில் ஒரு கல்யாணப் பெண்ணின் தாடையில் புள்ளி விழுந்தால் புருவம் திருத்த வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள். இருக்கிற தொழிலும் போய்விடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தாடையில் முடி வளர்வது பல பெண்களுக்கு பிசிஓஎஸ் என்ற சினைப்பைப் பிரச்சினையால். வெளியே சொல்லக் கூச்சம். முந்தானையால் மறைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு, தெரிந்த அக்கா வீட்டுக் கதவு பெரிய ஆறுதல். ஆனால் ஹார்மோன் சரியாகாமல் ஊசி மட்டும் போட்டால் பக்கத்து மயிர்க்கால் முளைக்கும், எனவே முதலில் டாக்டரிடம் அனுப்ப மனசு வேண்டும். திருநங்கைகளுக்கு இது அழகு விஷயமே இல்லை, தெருவில் நிம்மதியாக நடக்கிற விஷயம். சிமிட்டாவால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியே காலம் தள்ளியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். வாராவாரம் வருவதற்கு நியாயமான காரணம் உள்ள வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். கதவு இவர்களுக்கும் திறக்குமா என்பதை அந்த அக்காதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆக, புருவம் திருத்துகிற நாற்காலியை எடுத்துவிட்டு மிஷின் வாங்கினால் நஷ்டம். நாற்காலி இருந்தபடியே, மதுரையில் தோல் மருத்துவர் ஒருவரிடம் ஆறு மாதம் கூட இருந்து கை பழகி, வாரத்தில் இரண்டு மத்தியானம் மட்டும் ஊசிக்கு ஒதுக்கி, மேலுதட்டிலும் தாடையிலும் நிறுத்திக்கொண்டால் கணக்கு நிற்கிறது. மிஷின் அதற்கப்புறம் வாங்கலாம். ஊசி மட்டும் ஆளுக்கு ஒன்று, முதல் நாளிலிருந்தே.