கட்டமும் குறுக்குப் பாதையும்: சில குறிப்புகள்

இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஆகக் குறைந்த தூரம் நேர்கோடு என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். நடந்து போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் பொய். நடுவில் வேலி இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, 'இந்தத் தெருவுல வராதே, சுத்திப் போ' என்று சொல்ல ஆள் இருக்கிறான். ஆக, குறைந்த தூரம் எது என்கிற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்து கிடக்கிறது: எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக்கூடாது என்று வகுத்தது யார்? கணக்கின் வரலாற்றில் இந்த இரண்டாவது கேள்வி எப்படிக் கழற்றிவிடப்பட்டது என்பது பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

நியூயார்க்கிலிருந்து தொடங்கலாம். 1807இல் அம்மாநில அரசு மூன்று ஆணையர்களை நியமித்தது. மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் அப்போது இருந்தவை பெரும்பாலும் பண்ணைகள், குன்றுகள், ஓடைகள். 1811இல் வந்த திட்டம் இவை எதையும் பார்க்காமல் 12 நெடுந்தெருக்களையும் 155 குறுக்குத் தெருக்களையும் செங்கோணத்தில் வரைந்து வைத்தது. ஆணையர்கள் காரணத்தை மறைக்கவில்லை. நேர்ச்சுவரும் செங்கோணமும் கொண்ட வீடுதான் கட்ட மலிவு, வசிக்க வசதி என்றார்கள். செவ்வகமாக நறுக்கிய மனையை விற்பதும் வாங்குவதும் சுலபம் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். அளக்கப் போன ஜான் ராண்டல் மீது நிலக்காரர்கள் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார்கள். அவர் கைதும் ஆனார். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே லெனாபே பழங்குடிகள் நடந்து நடந்து ஆக்கிய தடம் ஒன்று அந்தத் தீவில் இருந்தது. பிராட்வே சாலை பல இடங்களில் அந்தத் தடத்தின் மேல்தான் போகிறது. அதன் வடபகுதியை 1811இன் திட்டம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஆனாலும் அது பிழைத்துவிட்டது. இன்றும் கட்டங்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு கிடக்கிறது.

இந்தச் சாய்வின் அர்த்தம் என்ன? ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே 3 கட்டம், வடக்கே 3 கட்டம் போகவேண்டும். கோடுகளின் மேல்தான் நடக்கலாம் என்றால் தூரம் 6. சாய்வாக நடக்க விட்டால் சுமார் 4.24. கோட்டின் மேல் நடக்கிறவனுக்கு 20 வழிகள் உண்டு, இருபதும் 6தான். அதே இடத்தைப் பக்கத்துக்குப் பத்தாக, இன்னும் பொடியாக நறுக்கினால் வழிகள் 184756 ஆகப் பெருகும். தூரம்? அப்போதும் அதே 6. கட்டத்தை எவ்வளவு நுணுக்கினாலும் ஒரு விரற்கடை கூடக் குறையாது. தேர்வுகள் பெருகிக்கொண்டே போகின்றன, கூலி மட்டும் மாறுவதில்லை. தேர்வுச் சுதந்திரம் பற்றி நம்மிடம் பேச வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டலாம். குறுக்குவழி கட்டத்துக்கு வெளியே இருக்கிறது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். 1950களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் எட்வர்ட் மூர் சிக்கல்பாதையிலிருந்து வெளியேறும் குறைந்த வழியைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொன்னார். 1961இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த சி.ஒய். லீ அதைக் கட்டத்தின் மேல் கம்பி இணைப்புகளுக்குப் பாதை தேடும் முறையாக்கினார். முறை ரொம்ப எளிது. புறப்படும் கட்டத்தில் 0 போடு. ஒட்டியிருக்கும் நான்கில் 1, அவற்றை ஒட்டியவற்றில் 2. குளத்தில் கல் விழுந்த மாதிரி எண்கள் பரவும். கறுப்படித்த கட்டத்தில் எண் விழாது, அது தடை. சேருமிடத்தை எண் தொட்டதும் இறங்குவரிசையில் திரும்பி வந்தால் அதுவே ஆகக் குறைந்த பாதை. பாதை என்று ஒன்று இருந்தால் இது தவறவே தவறாது. எந்தத் திசையையும் ஒதுக்காத இந்த அலையை ஒரு நேர்மையான முறை என்றே நான் சொல்வேன். ஆனால் கட்டத்துக்குக் கறுப்படித்த பிறகுதான் அதன் வேலை ஆரம்பமாகிறது.

இதற்குச் சற்று முன், 1956இல், ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இன்னொரு அடி எடுத்து வைத்திருந்தார். ஆர்மாக் என்ற புதுக் கணிப்பொறியைப் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 ஊர்களுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறைந்த வழி எது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, காகிதமோ பென்சிலோ இல்லாமல், இருபது நிமிஷத்தில் அதற்கு முறை கண்டார். 1959இல் மூன்று பக்கங்களில் அச்சானது. இங்கே எல்லா அடிகளும் சமமில்லை. ஒவ்வொரு சாலைக்கும் ஓர் எண் உண்டு. அது கிலோமீட்டரா, நேரமா, காசா என்று முறை கேட்பதில்லை. எண் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும்.

கம்பிக்குத் தடை இன்னொரு கம்பி. நிலத்தில் அப்படியில்லை. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ரோண்டோ குடியிருப்பின் ஊடாக 94ஆம் எண் நெடுஞ்சாலை போட்டார்கள். வடக்கே ரயில்பாதையை ஒட்டிப் போகலாம் என்று நகரப் பொறியாளர் ஒருவரே யோசனை சொல்லியிருந்தார். அது எடுபடவில்லை. 1956இல் வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். 1968இல் சாலை திறந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2015இல் நகர மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இத்தகைய சாலைகளுக்கு எதிர்ப்பு வலுத்த காலத்தில்தான், 1969இல், இயன் மெக்ஹார்க் தன் நூலில் ஒரு மாற்றை முன்வைத்தார். காடு, மண், நீர், வரலாற்றிடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். மதிப்பு கூடக்கூட நிழல் அடர்த்தி. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வெளிச்சமாகத் தெரிகிற இடமே சாலைக்கு உகந்த, சமூக இழப்பு ஆகக் குறைந்த இடம். நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த வரைபடங்களில் வீட்டு மதிப்புக்கும் ஒன்று இருந்தது. சந்தை விலை அதிகமான வீட்டுக்கு அடர்ந்த நிழல், குறைந்த வீட்டுக்கு வெளிறிய நிழல். ஏழையின் கூரை வெளிச்சமாகிவிடுகிறது; பாதை அந்தப் பக்கம் சாய்கிறது. இதில் யாரும் சதி செய்யவில்லை, கூட்டல்தான் செய்தார்கள். இன்றைய நிலவரைபட மென்பொருள்கள் பூமியைக் கட்டங்களாக நறுக்கி, கட்டத்துக்கு ஒரு விலை போட்டு, 'ஆகக் குறைந்த விலைப் பாதை'யை நொடியில் வரைவதும் இதன் தொடர்ச்சியே. சாலைக்கும் குழாய்க்கும் மின்கம்பிக்கும் இப்படி வழி பார்க்கிறார்கள்.

நம் முன்னாலும் ஒரு நாள் இப்படி ஒரு சிவப்புக் கோட்டை விரித்துவைத்து, 'கணிப்பொறி சொல்லுதுங்க, இதுதான் குறைஞ்ச வழி' என்பார்கள். கணக்கில் தப்பு தேடிப் பிரயோசனமில்லை. அது சரியாகத்தான் இருக்கும். கோட்டை மடித்து வைத்துவிட்டு விலைப்பட்டியலைக் கேட்கவேண்டும். சுடுகாட்டுக்கு என்ன எண் போட்டீர்கள், மேய்ச்சல் நிலத்துக்கு என்ன, பட்டா இல்லாத குடிசைக்கு என்ன, அந்த எண்ணை எழுதிய கை யாருடையது? பதில் வருகிறவரை கோட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.