கழுதைக்குக் கடன் உண்டு

அமெரிக்காவில் இங்கிலாந்து என்று ஓர் ஊர் இருக்கிறது. அர்க்கான்ஸாஸ் ராஜ்யத்தில், லோனோக் ஜில்லாவில், பருத்தி வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர். சரித்திரத்தில் அதற்கு இடம் கிடைத்தது ஒரு காகிதத்தால். சரியாகச் சொன்னால், அந்தக் காகிதம் தீர்ந்துபோனதால்.

1930-இல் அந்தப் பக்கத்தில் மழை அடியோடு பொய்த்துவிட்டது. பருத்தி கருகியது. சோளமும் கருகியது. நவம்பரில் தலைநகரான லிட்டில் ராக்கில் ஒரு பெரிய பாங்கு கதவைச் சாத்திற்று. அதைத் தொடர்ந்து சின்ன பாங்குகள் பலவும் சாத்திக்கொண்டன. குடியானவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு உழுகிறவர்கள். கடனில் சாப்பிட்டு, பருத்தி விற்றதும் கடனை அடைப்பது அவர்கள் வழக்கம். பருத்தியும் இல்லை, கடன் கொடுப்பாரும் இல்லை என்றால் என்ன செய்வார்கள்?

அமெரிக்கக் காங்கிரஸ் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் 4 கோடியே 50 லட்சம் டாலர் கடன் கொடுக்க அனுமதி தந்தது. நம் தக்காவிக் கடனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைக்குக் கொடுக்கலாம், உரத்துக்குக் கொடுக்கலாம், ஏர் இழுக்கும் கோவேறு கழுதையின் தீனிக்கும், டிராக்டரின் எண்ணெய்க்கும் கொடுக்கலாம். உழுகிறவனுடைய பிள்ளைகளின் ரொட்டிக்கு மட்டும் கொடுக்கலாகாது! மனிதர் பசியைத் தருமம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஜனாதிபதி ஹூவரின் கொள்கை.

ஹூவரை ஈரமில்லாதவர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியத்துக்குச் சோறு போட்டவர் அவர். 1921-இல் பஞ்சத்தில் வாடிய ரஷ்யாவுக்குக் காங்கிரஸ் ஒதுக்கிய 2 கோடி டாலரைக் கொண்டு உணவு வழங்கிய ஸ்தாபனத்துக்கும் அவரே தலைவர். சொந்த ஜனங்களுக்குச் சர்க்கார் சோறு போட்டால் அவர்களுடைய தன்மானமும் அண்டை அயலாரின் கருணையும் கெட்டுவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினார். நல்லவர்களின் நம்பிக்கையால் விளையும் கஷ்டம் சில சமயம் கெட்டவர்களின் சூழ்ச்சியால் கூட விளைவதில்லை.

1931 ஜனவரி 3-ஆம் தேதி குடியானவர்கள் கூட்டமாக இங்கிலாந்து ஊருக்குள் நுழைந்தார்கள். 300 பேர் என்று சொல்வாரும் உண்டு, 500 பேர் என்று சொல்வாரும் உண்டு. செஞ்சிலுவைச் சங்கம் அங்கே உணவு உதவி அளித்து வந்தது. ஆனால் அதற்கு ஒரு பாரம் பூர்த்தி செய்ய வேண்டும். அச்சிட்ட பாரங்கள் தீர்ந்துவிட்டன. பாரம் இல்லையேல் பண்டம் இல்லை. கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வோம் என்றது கூட்டம். செலவு திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியின் பேரில் வியாபாரிகள் உணவைக் கொடுத்தார்கள்; கொள்ளை இல்லாமல் கூட்டம் கலைந்தது.

செய்தி தேசமெங்கும் பரவியது. செனட்டில் சண்டை மூண்டது. பிப்ரவரியில் சமரசம் பிறந்தது: "விவசாயப் புனருத்தாரணம்" என்ற பெயரில் மேலும் 2 கோடி டாலர் கடன். அதில் உணவும் வாங்கிக்கொள்ளலாம்; உணவு என்ற வார்த்தையை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டார்கள். கடனுக்கு ஈடு வரப்போகும் விளைச்சல். வாரக் குடியானவனுடைய விளைச்சலில் முதல் பாத்தியதையை நிலக்காரர் விட்டுக்கொடுத்தால்தான் அவனுக்குக் கடன்.

1933-இல் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தபின் சர்க்கார் நேராகவே உதவத் தொடங்கியது. இன்று அந்நாட்டில் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் விவசாயிகள் நஷ்ட ஈடு பெறுவது சகஜம். ஆனாலும், எந்தத் தேசத்தில் எந்த நிவாரணத் திட்டம் வந்தாலும் அதன் ஷரத்துக்களை ஒரு முறை படித்துப் பாருங்கள். விவசாயியைச் சர்க்கார் மனிதனாகக் கருதுகிறதா, ஏரோடு சேர்ந்த ஒரு கருவியாகக் கருதுகிறதா என்பது அங்கே எழுதியிருக்கும்.