செத்தது போலிருந்த வண்டு

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். குளவி ஒரு புழுவைக் கூட்டுக்குள் கொண்டுபோவதைக் கண்டார்கள். சில நாள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வருவதையும் கண்டார்கள். இடையே நடந்ததைக் காணவில்லை. அந்த இடத்தை ஊகம் நிரப்பிற்று. கூட்டுக்குள் நடப்பது என்ன என்று பிரான்ஸ் நாட்டில் இருவர் ஆராய்ந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

செர்செரிஸ் என்பது மண் தோண்டும் குளவிகளில் ஒரு பேரினம். பெண்குளவி நிலத்தில் துளையிட்டு, அடியில் சிறு அறைகள் அமைக்கும். பெரும்பாலான வகைகள் வண்டுகளைப் பிடித்து அறையில் வைத்து, ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிடும்.

நெப்போலியன் காலத்தில் படை மருத்துவராயிருந்த லியோன் டுஃபூர், பொன்வண்டு பிடிக்கும் செர்செரிஸைப் பற்றி 1841இல் எழுதினார். கூட்டிலிருந்த வண்டுகள் பல நாளாகியும் அழுகவில்லை. அவை செத்தவை என்றும், உப்பு மீனைக் காப்பதுபோல் குளவியின் நஞ்சு அவற்றைக் கெடாமல் காக்கிறது என்றும் அவர் கருதினார்.

1854இல் அவினியோன் நகரில் ஓர் ஆசிரியர் அந்தக் கட்டுரையைப் படித்தார். அவர் பெயர் ஃபாபர். ஏழை வீட்டுப் பிள்ளை. உதவிப் பணம் பெற்று ஆசிரியர் பயிற்சி முடித்தவர். அவர் கூன்வண்டு பிடிக்கும் செர்செரிஸைத் தேடிப்போய், வெயிலில் காத்திருந்து கவனித்தார்.

குளவி தூக்கிவந்த வண்டை எடுத்துக்கொண்டு, உயிருள்ள வண்டொன்றை அதன்முன் வைத்தார். குளவி அதைப் பற்றி, மார்பின் அடிப்புறத்தில், முதல் கால்களுக்கும் இரண்டாம் கால்களுக்கும் நடுவில் கொட்டிற்று. வண்டு உடனே அசைவற்றது. ஆனால் சாகவில்லை! பின்னரும் அதன் குடல் இயங்கிற்று. மின்சாரம் பட்டால் கால் அசைந்தது. கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுகள் அங்கேதான் இருக்கின்றன. ஃபாபர் பேனாமுனையில் அம்மோனியா தொட்டு அதே இடத்தில் குத்தினார். வண்டு அப்படியே செயலற்றது. ஆக, குளவி தன் குஞ்சுக்கு உயிருள்ள உணவைச் சேமிக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு, அந்த வண்டைத் தின்று வளர்ந்து குளவியாகிறது.

1855இல் ஃபாபர் இதை வெளியிட்டார். தம் கருத்தைத் திருத்திய அந்த ஆசிரியரை, முதியவரான டுஃபூர் கடிதம் எழுதிப் பாராட்டினார். கற்றவருக்கு அழகு அதுவன்றோ!

இந்த அறிவு இன்றும் பயன்படுகிறது. 2012இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சைப் பொன்வண்டு நுழைந்துவிட்டதை முதலில் காட்டிக்கொடுத்தது, ஒரு செர்செரிஸ் குளவி பிடித்துவந்த இரைதான்.

நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவிகளும் இரையை இவ்வாறே செயலிழக்கச் செய்கின்றன. கொண்டுபோன புழு வேறு. வெளிவரும் குளவி வேறு. பிள்ளைகள், "அது எப்படி?" என்று கேட்டால் அதட்டி அனுப்பாதீர்கள். காலியான கூடு ஒன்றை உடைத்து, உள்ளிருக்கும் அறைகளைக் காட்டுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பாடநூலின் பக்கம் அங்கேயும் திறந்திருக்கிறது.